ஞானக்கூத்தனோட "தமிழ்" கவிதை மொழியக் கிண்டல் பண்ணுதா?

கேள்வி:
மூணே வரி. "எனக்கும் தமிழ்தான் மூச்சு / ஆனால் / பிறர்மேல் அதை விட மாட்டேன்". எங்க எம்.ஏ. கிளாஸ்ல பாதிப் பேர் இது தமிழ மட்டம் தட்டுற கவிதைன்னு அடிச்சுச் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணவே இல்ல, ஆனா ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. அடுத்த வாரம் நான் இதப் பத்திப் பேசணும், யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
"விட"ங்கிற சொல்லப் பிடிச்சுக்கோங்க. தமிழ்தான் மூச்சுன்னு மேடைல சொல்லிச் சொல்லி அது தேஞ்சு போச்சு, கேக்குற யாரும் நெஜ மூச்ச நெனைக்கிறதில்ல. இவர் அத நெஜ மூச்சாவே எடுத்துக்கிறார். கூட்டமான பஸ்ல ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா நின்னு பேசினா அவர் மூச்சு சூடா நம்ம கன்னத்துல படும்ல, தலைய மெல்லத் திருப்பிக்குவோம்ல, அந்த சங்கடம் ஒரே சொல்லுல வந்துருது. "திணிக்க மாட்டேன்"னு எழுதியிருந்தா வெறும் அறிக்கை. அப்புறம் "எனக்கும்"ல இருக்க எச்ச உம்மை, அத விட்றாதீங்க. உங்களுக்கு மாதிரியே எனக்கும்னு பக்கத்துல வந்து நின்னுட்டுத்தான் "ஆனால்"ங்கிறார், அதுவும் தனி வரில.

பதில் 2:
காலத்தையும் சேத்துப் பாருங்க. 1965ல இந்தி எதிர்ப்புப் போராட்டம், 67ல திமுக ஆட்சி, எங்க பாத்தாலும் "உடல் மண்ணுக்கு, உயிர் தமிழுக்கு". இவரோட "காலவழுவமைதி"ங்கிற கவிதையையும் கண்டிப்பா படிங்க, "தலைவரார்களேங்"னு மேடைப் பேச்சோட இழுவைய அப்படியே எழுத்துல கொண்டு வந்திருப்பார். தலைப்பு இலக்கணச் சொல்லு, உள்ள பூரா மைக் சத்தம். மொழி மேல பாசம் இல்லாதவனுக்கு அந்த சத்தம் இவ்ளோ உறுத்தாதுங்க.

பதில் 3:
எனக்கும் பிடிச்ச கவிதைதான், ஆனா ஒரு எடத்துல இடிக்குது. கீழப்பழுவூர் சின்னச்சாமி இந்தித் திணிப்ப எதிர்த்து 1964 ஜனவரில திருச்சில தீக்குளிச்சார், அவருக்கு "உயிர் தமிழுக்கு" உவமையா என்ன? அவரும் அத நெஜமாத்தான் எடுத்துக்கிட்டார். அந்த வருஷங்கள்ல தமிழ யார் மேல விட்டாங்க, இந்திதானே நம்ம மேல வந்துச்சு. அப்ப "பிறர்" யாரு?

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பதில் 3 படிச்சதுல இருந்து அந்த "பிறர்"தான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, மேடைக்குக் கீழ உக்காந்திருக்க தமிழனாக்கூட இருக்கலாம்ல? கிளாஸ்ல மொதல்ல இதத்தான் கேக்கப் போறேன்.