300 பேர், இரண்டு பார்டெண்டர்: இடைவேளைக் கூட்டத்தைச் சமாளிக்க வழி சொல்லுங்கள்

இரவுப்பணி:
வணக்கம். நிகழ்ச்சிகளுக்குப் பார் அமைத்துக் கொடுக்கும் குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். போன வாரம் 300 பேர் வந்த நிகழ்ச்சி. பாரில் நானும் இன்னொருவரும் மட்டும். மேடையில் நிகழ்ச்சி நடக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. இடைவேளை விட்டதும் மொத்தக் கூட்டமும் எங்கள் முன்னால் வந்து நின்றது. பட்டியலில் எட்டு காக்டெய்ல், எல்லாமே ஐஸோடு குலுக்கி ஷேக் செய்பவை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. 20 நிமிடத்தில் இருவரும் சேர்ந்து கொடுத்தது வெறும் 20. அவ்வளவு நேரம் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் இதே அளவில் இன்னொன்று இருக்கிறது. இன்னும் வேகமாகக் கை ஓட என்ன பயிற்சி எடுக்கலாம்?

பழைய ஷேக்கர்:
தம்பி, உங்கள் கையில் குறை இல்லை. ஷேக் செய்ய 12 வினாடி போதும். மீதி 108 வினாடி எங்கே போகிறது? பாட்டிலைத் தேட, மூடியைத் திருக, எலுமிச்சை பிழிய, ஐஸுக்கு நாலு அடி நடக்க. அதைத்தான் குறைக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து நகராமல் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும். இருவருக்கும் தனித்தனி ஐஸ் தொட்டி, தனித்தனி பாட்டில் வரிசை. ஒருவர் கை இன்னொருவர் பக்கம் போகவே கூடாது.

எட்டு காக்டெய்லை மூன்றாக்குங்கள். அந்த மூன்றையும் முன்கூட்டியே பேட்ச் போட்டு, அதாவது மொத்தமாகக் கலந்து, வையுங்கள். ஒரு கிளாஸுக்கு மது 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 30, சர்க்கரைப் பாகு 20 என்று வையுங்கள். 100 கிளாஸுக்கு மது 6 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் சரியாக எட்டு. சாறு 3 லிட்டர், பாகு 2 லிட்டர். சாறு அன்றைக்குப் பிழிந்ததாக இருக்கட்டும், மறுநாள் அதன் மணமே மாறிவிடும். சோடாவை மட்டும் பேட்சில் சேர்க்காதீர்கள், கிளாஸில் கடைசியாக ஊற்றுங்கள்.

இரவுப்பணி:
நன்றி அண்ணா. ஒரு தடவை பேட்ச் போட்டுப் பார்த்தேன். அளவெல்லாம் சரிதான், ஆனால் ஒரே இனிப்பு, தொண்டையையும் எரித்தது. அதனால்தான் விட்டுவிட்டேன்.

பழைய ஷேக்கர்:
தண்ணீர் விட்டிருக்க மாட்டீர்கள். ஷேக் செய்யும்போது ஐஸ் உருகிக் கலக்கிற தண்ணீரும் அந்த டிரிங்கின் ஒரு பாகம்தான். பேட்சில் அதை நாமே ஊற்ற வேண்டும். மேலே சொன்ன 11 லிட்டருக்கு முதலில் 2 லிட்டர் விடுங்கள். ஒரு கிளாஸில் ஐஸ் மேல் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். இன்னும் எரிந்தால் கொஞ்சம் கொஞ்சமாக 3 லிட்டர் வரை போகலாம். பிட்டர்ஸ் (துளிக்கணக்கில் விடும் கசப்புச் சாறு) சேர்ப்பதாக இருந்தால் கணக்குப்படி வருகிற அளவில் பாதியில் தொடங்குங்கள், பெரிய அளவில் அது தூக்கலாகத் தெரியும். அப்புறம், பேட்ச் உள்ள கேனை நன்றாகக் குளிர வைக்க வேண்டும். சூடான பேட்ச் விழுந்தால் ஐஸ் உடனே கரைந்து கிளாஸ் நீர்த்துப்போகும். சாறு அடியில் தங்கும், அதனால் ஊற்றும் முன் ஒவ்வொரு தடவையும் கலக்கிவிடுங்கள்.

கிளாஸ்தட்டு:
நான் பார்பேக்காக (பார்டெண்டருக்கு ஐஸ், கிளாஸ் எடுத்துத் தரும் உதவியாளர்) தொடங்கியவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு பார்டெண்டருக்கு ஒரு பார்பேக்காவது கேட்டு வாங்குங்கள். ஐஸ் நிரப்பவும் கிளாஸ் எடுத்து வரவும் நீங்களே போனால் அந்த நேரம் வரிசை அப்படியே நின்றுவிடும். ஐஸ் ஆளுக்கு அரை கிலோவாவது கணக்குப் போடுங்கள், வெயில் காலம் என்றால் இன்னும் கூடுதலாக.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அவசரத்தில் கிளாஸாலேயே ஐஸை அள்ளாதீர்கள். என் கண் முன்னால் ஒரு கிளாஸ் தொட்டிக்குள் உடைந்தது. ஐஸுக்குள் கண்ணாடிச் சில் தெரியவே தெரியாது. தொட்டி முழுவதையும் கொட்டி, வெந்நீர் விட்டு அலசித் துடைத்த பிறகுதான் மறுபடி நிரப்பினோம். நெரிசல் உச்சத்தில் இருந்த நேரம் அது. அன்றிலிருந்து உலோகக் கரண்டி மட்டும்தான், கூடவே மூடி போட்ட மாற்றுத் தொட்டி ஒன்று.

பீர், வைனுக்குத் தனி வரிசை வைத்தால் கூட்டம் நன்றாகவே பிரியும். தண்ணீர் ஜாடிகளை பாரை விட்டுத் தள்ளி வையுங்கள், தண்ணீருக்காக யாரும் வரிசையில் நிற்கக் கூடாது.

நேர்வரிசை:
ஜிக்கரை (மது அளக்கும் சிறு குவளை) விட்டுவிட்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டே பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் இன்னும் வேகம் வராதா?

பழைய ஷேக்கர்:
கை பழகியவருக்கு வரும். ஆனால் கூட்ட நேரத்தில் அளவு கூடிக்கொண்டே போகும், குடிப்பவருக்குத் தான் எவ்வளவு குடித்தோம் என்றே தெரியாது. அது சரியில்லை. பேட்சை அளவுக்கோடு உள்ள குவளையில் ஊற்றுங்கள், வேகம் குறையாது. போதை ஏறியவருக்கு இனி இல்லை என்று சொல்லவும் நமக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இரவுப்பணி:
நேற்று காலி மேசையில் தண்ணீரை வைத்து 40 கிளாஸ் ஒத்திகை பார்த்தோம், நண்பர் கடிகாரத்தோடு நின்றார். சோடா என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது, ஒவ்வொரு கிளாஸுக்கும் திரும்பியிருக்கிறேன். முன்னால் எடுத்து வைத்து, அடுத்தடுத்த இரண்டு பேரின் ஆர்டரையும் சேர்த்து வாங்கியதும் ஒரு கிளாஸுக்கு 25 வினாடி ஆனது. பட்டியலை மூன்றாகக் குறைக்க ஏற்பாட்டாளரும் சம்மதித்துவிட்டார். பார்பேக்குக்கு இன்னும் பதில் வரவில்லை, நாளைக்கு மறுபடி கேட்கிறேன்.