மறு: மறு: ‘செல் ஒட்டு மரபணு’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க் கையேட்டுக்காகக் குளச்சல் அக்கா அனுப்பிய கலைச்சொல் பட்டியலில் ‘செல் அட்ஹீஷன் ஜீன்’ என்பதற்குச் ‘செல் ஒட்டு மரபணு’ என்று இருப்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஒட்டு என்றால் நம் குமரி மாவட்டத்தில் ரப்பர் ஒட்டுக்கன்று, ஒட்டு மா. குலசேகரத்திலோ அருமனையிலோ ஒருவர் ‘ஒட்டு மரபணு’ என்று படித்தால், வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைத்த மரபணு என்றுதான் எடுத்துக்கொள்வார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ‘பிணைப்பு’ வேண்டாம், வேதியியல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. தக்கலை சார் சொன்ன ‘பற்று’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தீ பற்றும், நோய் பற்றும். புற்றுநோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று இன்னும் தனித்தட்டு வைக்கிற வீடுகள் இருக்கும்போது ‘புற்று’க்குப் பக்கத்தில் ‘பற்று’ வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்வது பிடிமானம். செல் பிடிமான மரபணு.

நடப்பதும் அதுதான். பால் சுரப்பியின் குழாய்களிலும் சிறுமடல்களிலும் உட்சுவராக நிற்கும் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது முக்கியமாக ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தால். அது சவ்வைத் தாண்டி வெளியே நீண்டு பக்கத்துச் செல்லில் இருக்கும் தன் போன்ற புரதத்தையே பிடிக்கும், பிடிக்கக் கால்சியம் வேண்டும், ஜப்பானிய உயிரியலாளர் மசடோஷி தகெய்ச்சி வைத்த ‘கேட்ஹெரின்’ என்ற பெயரிலேயே அந்தக் கால்சியம் ஒளிந்திருக்கிறது. உள்பக்கத்தில் கேட்டனின்கள் என்ற புரதங்கள் வழியாக, செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கும் ஆக்டின் இழைகளோடு சேர்ந்திருக்கும். இதற்கான மரபணு சிடிஎச்1, 16-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரண்டு நகல்களும் கெட்டால், அல்லது ஒன்று கெட்டு மற்றது தொலைந்தால், பிடிமானம் போச்சு. சாதாரணச் செல்லுக்குப் பிடிமானம் மொத்தமாகப் போனால் தானே செத்துவிடும். புற்றுச் செல் அந்தச் சாவிலிருந்து நழுவிவிடுகிறது, ஆபத்து அங்கேதான்.

சிறுமடல் புற்றைப் பாருங்கள் (மடல் குழுவில் மடல் புற்று, என்ன செய்வது!). ஊடுருவும் மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் இந்த வகை, இதில் பெரும்பாலானவற்றில் ஈ-கேட்ஹெரின் இருக்காது. செல்கள் திரளாமல் எறும்புச் சாரை மாதிரி ஒற்றை வரிசையில் திசுவுக்குள் போகும். அதனால் பல பெண்களுக்குக் கையில் உருண்டையாகக் கட்டி தட்டுப்படாது, வெறும் தடிப்புதான் இருக்கும், மேமோகிராமிலும் தப்பிவிட வாய்ப்பு அதிகம். எனவே பட்டியலில் ‘ட்யூமர் சப்ரஸர்’ என்பதற்கு உள்ள ‘கட்டி ஒடுக்கி’யும் ‘புற்று ஒடுக்கி’ ஆகட்டும். கட்டி கட்டி என்றே எழுதினால் கட்டி இல்லையே என்று சும்மா இருந்துவிடுவார்கள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிரியக்க மணலால் புற்று வருமா என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். அது தனி விஷயம், இந்தப் பக்கத்தில் கலக்க வேண்டாம்.

— நாகர்கோவில்

*

அண்ணாச்சி,

பிடிமானத்துக்கு என் ஓட்டு. ஆனால் அக்கா கேட்டிருப்பது போல ‘புற்றொடுக்கிப் பிடிமான மரபணு’ என்று ஒரே சொல்லாகக் கட்டிவிட வேண்டாம். பிடிமானம் அதன் பெயர், ஒடுக்குவது அது சில இடங்களில் செய்யும் வேலை. குழாய்ப் புற்றுகளில் பெரும்பாலும் ஈ-கேட்ஹெரின் அப்படியே இருக்கிறது, இருந்தும் பரவுகிறதே? செல்கள் கைவிடாமல் கூட்டமாகவே நகர்ந்துபோவதும் உண்டு. 2019-இல் வெளிவந்த எலி ஆய்வில், ஈ-கேட்ஹெரினை எடுத்துவிட்டால் செல்கள் அதிகமாக ஊடுருவினாலும் வேறு உறுப்பில் போய் வளர முடியாமல் நிறையச் செத்துவிட்டன. தொடக்கத்தில் தடுக்கும் அதே பிடிமானம் பின்னால் பயணத்துக்குத் துணை போகிறது. பெயரிலேயே ஒடுக்கி என்று முத்திரை குத்திவிட்டால் இதை எங்கே எழுதுவது?

பரம்பரை பற்றி ஒரு வரி சேருங்கள். 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் இரைப்பைப் புற்றுக்குக் காரணம் பிறவியிலேயே வந்த சிடிஎச்1 திரிபு என்று கண்டார்கள், அத்திரிபு உள்ள பெண்களுக்குச் சிறுமடல் புற்றின் அபாயமும் கூடுதல். குடும்பத்தில் இரைப்பைப் புற்று இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது கையேட்டுக்கு எந்தச் சொல்லையும்விடத் தேவை.

அப்புறம் இன்னொன்று. நெய்யூர் மருத்துவமனையிலிருந்தோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலிருந்தோ (ஆர்சிசி) வரும் பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்று இருக்கலாம். கொரோனாவுக்குப் பிறகு நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்றே ஜனங்களுக்குப் பழகிவிட்டது. அந்த இடத்தில் ‘பிடிமானப் புரதம் இல்லை, சிறுமடல் வகையாக இருக்கலாம்’ என்று முழுசாக எழுதுவோம்.

— குலசேகரம்

*

சரி, பிரித்தே எழுதுகிறேன். செல்லும் செல்லும் பிடிப்பது ‘செல்லிடைப் பிடிமானம்’, இன்டெக்ரின் என்ற புரதம் வழியாகச் செல் தன் அடித்தளத்தைப் பிடிப்பது ‘அடித்தளப் பிடிமானம்’, இரண்டும் ஒரே வேரில் வந்துவிடுகின்றன. மரபணு கெடாமலே அதன்மேல் மெத்தில் என்ற வேதிக்குழு ஏறிப் பூட்டிக்கொள்வதற்கு ‘மெத்திலேற்றம்’ போட்டிருக்கிறேன், அதைத் திட்டுவதென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திட்டிவிடுங்கள், திங்கள் அச்சுக்குப் போகிறது.

— குளச்சல்