முதல் ஏஏ கூட்டத்துக்குப் போகும் முன் சில சந்தேகங்கள்

வேம்பன்:
வணக்கம். தினமும் குடிக்கிறேன். நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டங்களைத் தேடினால் ஓபன், க்ளோஸ்டு, ஸ்பீக்கர், ஸ்டெப் என்று பட்டியல் நீள்கிறது. முதலில் எதற்குப் போவது? பெயர், வேலையெல்லாம் விசாரிப்பார்களா? எழுந்து பேசச் சொல்வார்களா? கடவுள் நம்பிக்கை கிடையாது, அது சிக்கலா? மனைவியும் கூட வரவா என்கிறார்.

ஓரிருக்கை:
பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். குழுக்களை நடத்துவது தன்னார்வலர்கள். இடமோ நேரமோ மாறினாலும் பட்டியலில் பழையதே கிடக்கும். மனதைத் தேற்றிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தவர் மறுபடி கிளம்புவது கஷ்டம். ஏஏ ஹெல்ப்லைனில் கூப்பிட்டு, இன்று கூட்டம் உண்டா, எந்த வாசல், எந்த மாடி என்று கேட்டுவிடுங்கள். முதல் தடவை வருகிறேன் என்றும் சொல்லுங்கள். பெரும்பாலும் யாராவது வாசலில் வந்து அழைத்துப் போவார்கள்.

ஓபன் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், மனைவியும்தான். க்ளோஸ்டு என்பது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். உங்களுக்கு இரண்டும் சரி. ஸ்பீக்கர் என்றால் ஒருவர் தன் கதையைச் சொல்வது, ஸ்டெப் என்றால் ஏஏயின் மீட்பு வழியான 12 படிகளில் ஒன்றைப் பற்றிப் பேசுவது. உறுப்பினராக அந்த விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணம் இல்லை, படிவம் இல்லை. பெயரைச் சொன்னால் போதும், இனிஷியல்கூட வேண்டாம்.

கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். முதலில் முகவுரை வாசிப்பார்கள். பிறகு "புதிதாக யாராவது?" என்று கேட்பார்கள். கை தூக்கலாம், சும்மாவும் இருக்கலாம். அடுத்து ஷேரிங், அதாவது தன் அனுபவத்தைப் பகிர்வது, ஆளுக்குச் சில நிமிடங்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பதில் சொல்வதோ அறிவுரை கொடுப்பதோ பெரும்பாலான குழுக்களில் வழக்கமில்லை. உங்கள் முறை வந்தால் "இன்று கேட்டுக்கொள்கிறேன்" என்றால் அடுத்தவரிடம் போய்விடும். நடுவில் காசுப் பை சுற்றி வரும். புதியவர் போட வேண்டியதில்லை, அப்படியே பக்கத்து நாற்காலிக்கு நகர்த்துங்கள்.

புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது, கூட்டம் தொடங்கிய பின் நுழைந்து முடிந்த நொடியில் நழுவுவதில்தான். பத்து நிமிடம் முன்னதாகப் போய் நாற்காலி போடக் கை கொடுங்கள். முடிந்தபின் இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு மூன்று பேரின் போன் எண்ணை வாங்கி, அன்று இரவே ஒருவரைக் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள். குடிக்கத் துடிக்கும் நேரத்தில் முன்பின் பேசாத எண்ணுக்கு விரல் போகாது.

ஒரு குழு ஒட்டவில்லை என்றால் ஏஏயே ஒட்டவில்லை என்று நினைக்காதீர்கள். குழுவுக்குக் குழு குணம் மாறும். நான்கைந்து வெவ்வேறு இடங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். "90 நாளில் 90 கூட்டம்" என்பார்கள். அது விதியல்ல, யோசனை.

நைட்_டியூட்டி:
கூட்டத்துக்கு முன்னால் ஒன்று. தினமும் குடிப்பவர் டாக்டரைப் பார்க்காமல் திடீரென நிறுத்தக்கூடாது. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சலோடு வரும் டெலிரியம் ட்ரெமென்ஸ் பொதுவாக இரண்டாம் நாளுக்குப் பிறகு, உயிரையே எடுக்கக்கூடியது. இந்த அறிகுறிகளுக்குக் கூட்டம் மருந்தாகாது, நேராக அவசர சிகிச்சைதான். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) பற்றியும் கேளுங்கள்.

கேள்விக்குறி:
கடவுள் விஷயம். ஏஏயின் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, "நாங்கள் புரிந்துகொண்டபடி" என்ற அடைமொழியோடு. குழுவையே தம்மைவிட மேலான சக்தியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, நாத்திகர்களுக்கான ஏஏ குழுக்களும் உண்டு. அதுவும் ஒவ்வாவிட்டால் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற வேறொரு அமைப்பு இருக்கிறது. அங்கே படிகள் கிடையாது, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை முறைகளை வைத்துப் பயிற்சி தருவார்கள், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதிலும் சொல்லலாம். ஆன்லைனிலும் நடக்கிறது.

மனைவிக்கு, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனி அமைப்பே இருக்கிறது, 1951இலிருந்து. கணவனை நிறுத்த வைக்கும் வழி அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அது அவருக்கான இடம்.

இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சு என்று யாராவது சொன்னால், 2020இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பைக் காட்டுங்கள். 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏயோடு இணைக்கும் முறைப்படியான சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது.

வேம்பன்:
நன்றிங்க. நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. அன்று குடித்திருந்தால் உள்ளே விடுவார்களா? ஸ்பான்சர் என்பவரை, அதாவது வழிகாட்டும் மூத்த உறுப்பினரை, அவர்களே ஒதுக்குவார்களா?

ஓரிருக்கை:
கலாட்டா செய்யாதவரை விடுவார்கள். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். வண்டி மட்டும் ஓட்டாதீர்கள். ரிலாப்ஸ் ஆனாலும், அதாவது நிறுத்தியபின் மறுபடி குடித்துவிட்டாலும், இதுவேதான்: வெட்கப்பட்டு ஒரு மாதம் தலைமறைவாகிவிட்டால் திரும்புவது இன்னும் கடினம், அடுத்த கூட்டத்துக்கே வந்துவிடுங்கள்.

ஸ்பான்சரை நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவர், நீங்கள் ஆணென்றால் ஆண், போனை எடுக்கிற ஆள். முதலில் தற்காலிகமாக என்று கேளுங்கள், சரிவராவிட்டால் மாற்றுவதில் சங்கடம் இருக்காது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், கடன் கேட்பவர் இருவரும் வேண்டாம். மருந்து விஷயத்தில் உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்று ஏஏயே எழுதி வைத்திருக்கிறது.