மாண்டலினில் பி-ஃபிளாட் மட்டும் இரைகிறது

இத்தாலியின் பலெர்மோவில் நாங்கள் நான்கு பேர், மஸ்காஞ்ஞியின் 'கவல்லேரியா ருஸ்திகானா' ஓபராவில் (1890) வரும் இடையிசையை இரண்டு மாண்டலின், ஒரு மண்டோலா (மாண்டலினுக்குப் பெரிய அண்ணன்), ஒரு கித்தாரில் வாசிக்கிறோம். சுரவரிசை எஃப் மேஜர். அதில் பி-ஃபிளாட் சுரம் இல்லாமல் நகரவே முடியாது. என் மாண்டலினில் சரியாக அதுதான் இரைகிறது.

குடம் போன்ற முதுகுள்ள பழைய நேப்பிள்ஸ் வகை மாண்டலின். ஏ இரட்டைத் தந்தியின் முதல் மெட்டில் மட்டும் கோளாறு. (மெட்டு என்றால் பாட்டல்ல, வீணையில் சொல்வோமே, அது.) வெறும் தந்தி சுத்தம், இரண்டாம் மெட்டும் சுத்தம். ஒற்றை மீட்டில் லேசான கரகரப்பு. நீண்ட சுரத்துக்கு ட்ரெமோலோ போட்டால், அதாவது வேகமாக விடாமல் மீட்டினால், தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த சத்தம். மூன்று வாரங்களாக, மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இப்படி.

தந்திகளை மாற்றினேன். தந்திகளைத் தாங்கும் குதிரையின் அடியில் அட்டை வைத்து உயர்த்தினேன். இரைச்சல் பாதி குறைந்தது, விரல் புண்ணானது. ஜி மேஜருக்கு மாற்றலாம் என்றேன், மண்டோலாக்காரர் முறைத்தார். பழுது பார்ப்பவர் எல்லா மெட்டுகளையும் மாற்றச் சொல்கிறார். கச்சேரிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

நேற்று சிறு எஃகு அளவுகோலை முதல் மூன்று மெட்டுகள் மீது வைத்தேன். ஏ தந்திக்கு நேர் கீழே மயிரிழை அளவு ஆடுகிறது. இரண்டாம் மெட்டு மேலெழும்பியிருக்க வேண்டும்.

அதை மரச்சுத்தியலால் தட்டி இறக்குவதா, அரத்தால் ராவுவதா?