சீதனம் வாங்கியவளுக்குக் கம்பனியில் பங்கு இல்லையா?

வெள்ளவத்தை மகள்:
கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச்சாமான் கடையாக அப்பா தொடங்கியது பின்னர் தனியார் கம்பனியாகப் பதிவானது. மொத்தம் 10,000 பங்குகள். அப்பாவிடம் 6,000, அண்ணனிடம் 3,000, அம்மாவிடம் 1,000. அண்ணன் தனது பங்குகளுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. படிப்பை முடித்துக் கடைக்கு வந்தபோது அப்பா எழுதிக் கொடுத்தவை அவை.

அப்பா மரணசாசனம் எழுதாமலே காலமாகிவிட்டார். அந்தியேட்டி முடிந்த கையோடு அண்ணன் சொன்னது: “தங்கச்சிமார் இருவருக்கும் வீடும் நகையும் சீதனமாகக் கொடுத்தாயிற்று. கம்பனி எனக்கு.” அம்மாவிடம் ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். அம்மாவோ, “எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்” என்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடையின் கடன் புத்தகத்தை எழுதியவள் நான். அண்ணன் அப்போது கிரிக்கெட் மட்டையோடு திரிந்தார். (இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். சட்டம் என்ன சொல்கிறது?

ஓய்வுபெற்ற கம்பனிச் செயலாளர்:
பிள்ளை, முதலில் கணக்கைப் பாருங்கள். திருமணத்துக்குப் பின் அப்பா உழைத்துச் சேர்த்த பங்குகள், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி தேடிய தேட்டம். மரணசாசனம் இல்லையென்றால் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பொதுச்சட்டத்திலும் மனைவிக்குப் பாதிதான். ஆகவே அம்மாவுக்கு 3,000, பிள்ளைகள் மூவருக்கும் தலா 1,000. ஏற்கெனவே உள்ளதையும் சேர்த்தால் அம்மாவிடம் 4,000, அண்ணனிடம் 4,000, உங்கள் இருவரிடம் 2,000. அந்தத் தாளை ஏன் இத்தனை அவசரமாகக் கொண்டுவந்தார் என்பது இப்போது விளங்குகிறதா?

அடுத்தது, மாவட்ட நீதிமன்றத்தில் நிர்வாகக் கடிதத்துக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்துக்கு, விண்ணப்பியுங்கள். நிர்வாகியாக நியமனம் பெறுவதில் மனைவிக்கே முன்னுரிமை. அதுவரை அப்பாவின் 6,000 பங்குகளுக்காகப் பேச யாரும் இல்லை. பணிப்பாளர் சபை புதுப் பங்குகளை வெளியிட்டு உங்கள் வீதத்தைக் கரைக்கப் பார்ப்பது இந்த இடைவெளியில்தான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, கம்பனியின் அமைப்பு விதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், புதுப் பங்குகளை இருக்கும் பங்குதாரருக்கே அவரவர் விகிதப்படி முதலில் கொடுக்க முன்வர வேண்டும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் படிவம் 15, அதாவது வருடாந்த அறிக்கையின் பிரதியை வாங்குங்கள். பங்குதாரர் பட்டியல் அதில் இருக்கும்.

புதுக்கடைப் பக்கத்துக்காரர்:
சீதனக் கதையை விட்டுவிடாதீர்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. திருமணத்தின்போது பெற்றோர் கொடுத்ததைப் பங்கீட்டுக்கு முன் பொதுக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற விதி உண்மையிலேயே இருக்கிறது. கொடுத்தவர் விலக்கு அளித்திருந்தால் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் அதே விதி, பிள்ளையை வாழ்க்கையில் நிலைநிறுத்தக் கொடுத்ததையும் சேர்க்கச் சொல்கிறது. அண்ணனுக்கு இலவசமாக வந்த 3,000 பங்குகள் வேறென்னவாம்? உங்கள் நகையைத் தராசில் வைக்கச் சொன்னால், அவருடைய பங்குகளும் ஏற வேண்டும். அவருடைய சட்டத்தரணி இதை எதிர்த்து வாதாடுவார்தான். வாதாடட்டும்.

கொட்டாஞ்சேனை வியாபாரி:
அண்ணனையும் கொஞ்சம் நினையுங்கள். 2022இல் டொலர் கிடைக்காமல் இறக்குமதி முடங்கியபோது இந்தத் தெருவில் எத்தனை கடைகள் தள்ளாடின! அன்று கடையைத் திறந்து வைத்திருந்தவர் அவர். நீதிமன்றம் ஏறினால் வங்கிக்காரன் கடன் வசதியைக் குறைப்பான். பிறகு பங்கு இருக்கும், பெறுமதி இருக்காது. நம்பகமான கணக்காய்வாளர் ஒருவரைக் கொண்டு பெறுமதி பார்த்து, அண்ணனிடமே விற்றுவிட்டு வெளியேறுங்கள்.

வெள்ளவத்தை மகள்:
கொட்டாஞ்சேனை ஐயா, அண்ணன் உழைத்தது உண்மை. அதற்குச் சம்பளமும் வாகனமும் எடுத்தார், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் பங்கிலாபம் என்று ஒரு வருடமாவது அறிவித்ததில்லை. அந்த நிலையில் 1,000 பங்குகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விற்கத் தயார்தான், “நீ தங்கச்சிதானே” என்ற விலைக்கு மட்டும் இல்லை.

படிவம் 15இன் பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டேன். அம்மாவிடம் 4,000 கணக்கைச் சொன்னேன். “அப்படியென்றால் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட வேண்டுமே, இவ்வளவு காலம் ஏன் கூப்பிடவில்லை?” என்று கேட்டார். சட்டத்தரணி வாசித்து விளக்கும்வரை கையெழுத்து இல்லையாம். தாள் இப்போது என் கைப்பையில். நிர்வாகியாக அம்மாவே விண்ணப்பிக்க இணங்கிவிட்டார். அண்ணனிடம் அதை அவரே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.