ரிஸ்க்: எதுவரை பொறுப்பது, எப்போது பாய்வது

உலக வரைபடத்தில் படை நகர்த்தி நாடு பிடிக்கும் பலகை விளையாட்டான ரிஸ்க் ஆடும்போது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில்தான் தொடங்குவேன். நான்கே பகுதிகள், உள்ளே வர இந்தோனேசியா ஒன்றுதான் வாசல். அங்கே படையைக் குவித்துவிட்டால் சுற்றுக்கு 2 படை கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். ஆசியாவுக்கு 7 கிடைக்கும் என்று ஆரம்பத்திலேயே பாய்பவர்கள் பலர். 12 பகுதிகளையும் அடுத்த முறை வரும்வரை காப்பாற்றினால்தானே அந்த 7!

ஆனால் அட்டைகளின் மதிப்பு ஏற ஏற இந்தப் பொறுமைக்குப் பலன் குறைகிறது. மூன்று அட்டை சேர்ந்த செட்டைக் கொடுத்துப் படையாக மாற்றலாம்: முதல் செட்டுக்கு 4 படை, பிறகு 6, 8, 10, 12, 15, அதற்கப்புறம் ஐந்தைந்தாகக் கூடும். யார் மாற்றினாலும் எல்லோருக்கும் ஏறும்.

பொங்கல் விடுமுறையில் நடந்தது இது. அன்று ஆஸ்திரேலியா பெரியப்பா மகனான அண்ணனிடம் இருந்தது. அவர் இந்தோனேசியாவை ஒட்டிய சியாமில் மலைபோல் படை சேர்த்துவிட்டு அசையாமல் இருந்தார். சித்தி மகன் தென் அமெரிக்காவில் மூன்று பகுதிகளோடு ஒடுங்கியிருந்தான், ஆனால் கையில் 4 அட்டை. எல்லோரும் அண்ணனையே பார்த்துப் பயந்தார்கள். எனக்குத் தம்பியின் அட்டைகள்தான் கண்ணில் பட்டன. என்னிடம் இருந்த ஐந்தில் மூன்றை மாற்றி 15 படை வாங்கி, வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குள் இறங்கினேன். ஒருவரை முழுதாக வீழ்த்தினால் அவர் அட்டைகள் நமக்கு. மொத்தம் 6 சேர்ந்தால் அப்போதே மாற்ற வேண்டும். உடனே இன்னும் 20 படை! அத்தனையையும் இந்தியாவில் வைத்து சியாமை அடித்தேன்.

பகடை சமமாக விழுந்தால் காப்பவருக்கு வெற்றி என்பதால் பலர் தாக்கத் தயங்குகிறார்கள். மூன்று பகடைக்கு எதிராக இரண்டு என்றால் தாக்குபவர் இரண்டையும் வெல்ல வாய்ப்பு சுமார் 37%, இரண்டையும் இழக்க 29%. பெரிய மோதலில் சாதகம் தாக்குபவருக்கே. சியாம் விழுந்தது, அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவும் போனது.

*

வாசகர் ஒருவரின் பின்னூட்டம்: அண்ணே, அட்டை மதிப்பு ஏறும் விதிக்கு நீங்கள் சொல்வது சரி. நாங்கள் ஆடுவது நிலையான மதிப்பில்: மூன்று காலாட்படை அட்டைக்கு 4, குதிரைக்கு 6, பீரங்கிக்கு 8, மூன்றும் கலந்தால் 10. கடைசிவரை அவ்வளவுதான். இதில் ஒருவரை வீழ்த்தச் செலவழித்த படை அட்டையில் திரும்பி வருவதே அபூர்வம். எங்கள் வீட்டில் தென் அமெரிக்காவைப் பிடித்து, அப்புறம் மெதுவாக ஆப்பிரிக்காவைச் சேர்த்துக்கொள்ளும் என் அக்காதான் அதிகம் ஜெயிக்கிறாள்.