‘பெர்-சிபியு வேரியபிள்’ தமிழில்: செயலிவாரி மாறி?

அன்புள்ள குழுவினருக்கு,

கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) பாடத்தில் வரும் ‘பெர்-சிபியு வேரியபிள்’ என்பது ஒரே பெயரில், செயலிக்கு (சிபியு) ஒரு பிரதியாக இருக்கும் மாறி. அதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: செயலித் தனிமாறி, செயலிதோறும் மாறி, தற்செயலி மாறி. மூன்றாவதை இப்போதே கழித்துவிடலாம். ‘தன் செயலி’ என்பதைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், இலக்கணப்படி சரிதான். ஆனால் படிப்பவர் காதில் ‘தற்செயல்’ என்றுதான் விழும். கர்னலில் தற்செயலாக மாறும் மாறி இருந்தால் அதற்கு வழு என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

மற்ற இரண்டையும் எடைபோட, இந்த மாறி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வலையட்டையில் வந்த தரவுப் பொட்டலங்களை எண்ண ஒரு பொது மாறி வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். எட்டுச் செயலிகளும் அதையே கூட்டப் போனால் பூட்டு வேண்டும், அல்லது அணுநிலைக் கட்டளை (நடுவில் யாரும் புக முடியாதது) வேண்டும். எதுவானாலும் அந்த மாறி இருக்கும் கேஷ் வரி (செயலி நினைவகத்திலிருந்து ஒரே மூச்சில் எடுத்துவைக்கும் துண்டு) செயலிக்குச் செயலி பந்தாடப்படும். எட்டு உறுப்புள்ள அணி (அர்ரே) வைத்து ஆளுக்கொன்று கொடுத்தால் தீருமா? எக்ஸ்86 வகை (இன்டெல், ஏஎம்டி) செயலிகளில் கேஷ் வரி வழக்கமாக 64 பைட். நான்கு பைட் எண்கள் பதினாறு அதில் அடங்கிவிடும். ஆகவே வேறு வேறு உறுப்பைத் தொட்டாலும் சண்டை அதே வரிக்குத்தான்.

லினக்ஸ் இதைத் தீர்க்கும் விதம் அழகானது. இந்த மாறிகளை எல்லாம் தொகுப்பி (கம்பைலர்) ஒரு தனிப் பகுதியில் திரட்டி வைக்கும். கணினி துவங்கும்போது அந்தப் பகுதியை வார்ப்பாகக் கொண்டு ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பிரதி எடுக்கப்படும். எக்ஸ்86-64-இல் ஜிஎஸ் என்ற பதிவகம் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) அந்தந்தச் செயலியின் பிரதியைக் காட்டி நிற்கும். நிரலில் எழுதுவது ஒரே பெயர். ‘அம்மா’ என்று எந்த வீட்டில் கூப்பிட்டாலும் அந்த வீட்டு அம்மா திரும்பிப் பார்ப்பதுபோல, எந்தச் செயலி அந்தக் கட்டளையை ஓட்டுகிறதோ அதன் பிரதிதான் கிடைக்கும். எம்ஐடி பாடத்துக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறு இயங்குதளத்தின் பழைய எக்ஸ்86 பதிப்பில் இதை இரண்டே வரிகளில் பார்க்கலாம்: இப்போதைய செயலியைச் சுட்ட ஒன்று, அதில் ஓடும் செயலாக்கத்தை (பிராசஸ்) சுட்ட ஒன்று, இரண்டும் ஜிஎஸ் வழியாக.

இப்போது ‘தனிமாறி’க்கு வருவோம். தனி என்றால் மற்றவர் தொடமுடியாது என்ற எண்ணம் வந்துவிடும். அப்படி ஒரு காவலும் இல்லை. மொத்தப் பொட்டலங்கள் எத்தனை என்று கேட்டால் ஏதோ ஒரு செயலி எல்லாப் பிரதிகளையும் படித்துக் கூட்டித்தான் சொல்கிறது. ‘தனி’ தரும் பொய்யான தைரியம் இன்னொரு இடத்திலும் கவிழ்க்கும். பிரதியின் முகவரியை எடுத்துக் கையில் வைத்திருக்கும்போதே திட்டமிடுவி (ஷெட்யூலர்) நம் பணியை வேறு செயலிக்கு நகர்த்தலாம். அப்போது கையிலிருப்பது பழைய செயலியின் முகவரி. அதனால்தான் அந்த நேரத்தில் இடைநிறுத்தத்தை (ஓடும் பணியைப் பாதியில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவதை) முடக்கி வைக்கிறார்கள். மாணவர்கள் வழுக்கும் இடமே இதுதான், சொல்லும் சேர்ந்து தள்ளிவிட வேண்டாமே.

‘செயலிதோறும் மாறி’ பொருளில் கிட்டே வருகிறது. ஆனால் மாறி பெயர்ச்சொல் மட்டுமல்ல, வினையெச்சமும்தான். ‘செயலிதோறும் மாறி’ என்றவுடன் ‘சரி, மாறி என்ன ஆயிற்று?’ என்று மனம் அடுத்த வினையைத் தேடுகிறது.

என் பரிந்துரை செயலிவாரி மாறி. மாவட்டவாரியாக, தொகுதிவாரியாக என்று தினமும் படிக்கிறோம், விளக்கம் தேவையில்லை. ஒரே கணக்கு, மாவட்டத்துக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கிறது, கூட்டினால் மாநிலக் கணக்கு வருகிறது. நம் பொட்டல எண்ணியும் அதேதான். ‘வாரி’ வடக்கிலிருந்து வந்தது என்று ஒருவர் ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்க்கிறேன். வந்ததுதான். சென்னை மாகாண ஆளுநர் மன்றோ காலத்து ரயத்துவாரியிலும் இதே வாரி இருக்கிறது, குடியானவருக்குக் குடியானவர் தனித்தனியாக வரி நிர்ணயம் என்ற பொருளில். இத்தனை காலம் நம்மோடு இருந்ததை இனி எங்கே அனுப்புவது?

இந்தச் சொல் குட்டியும் போடும். செயலிவாரி எண்ணி, செயலிவாரிப் பகுதி என்று நீட்டலாம். பயனர் நிரல்களில் இழைக்கு (த்ரெட்) ஒன்றாக வருவதை இழைவாரி மாறி எனலாம், இரண்டும் ஒரே குடும்பம் என்பது பெயரிலேயே தெரியும். பெயர் எல்லாச் செயலிக்கும் ஒன்றே என்று காட்ட, ‘பொது’வையும் சேர்த்துச் ‘செயலிவாரிப் பொதுமாறி’ என்று முதல் வரையறையில் ஒருமுறை எழுதினால் போதும்.

செய்தித்தாள்கள் ‘செயலி’யைக் கைபேசி ஆப்புக்குக் கொடுத்துவிட்டதே என்று கேட்கலாம். கர்னல் பாடத்தில் ஆப் வரவே வராது, குழப்பம் இல்லை. உள்ளகம் (கோர்) என்பதைக் கொண்டு ‘உள்ளகவாரி’ என்று மாற்றினால்தான் தவறு. நான்கு உள்ளகம், ஒவ்வொன்றிலும் இரண்டு வன்பொருள் இழை என்றால் லினக்ஸுக்கு அவை எட்டுச் செயலிகள், பிரதிகளும் எட்டு.

மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். அந்தச் சொல்லை எண்ணியோடும் இழையோடும் ஒட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினால் நல்லது.